காட்டிக்கொடுக்கும் எச்சில்

புல் வெட்டியதும் ஒரு பச்சை வாசனை வருமே, நமக்கு அது இதமாக இருக்கிறது. புல்லுக்கோ அது காயம். இலை கிழிந்த சில நொடிகளில் அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் சிதைந்து காற்றில் கலக்கின்றன, அவ்வளவுதான். கத்தி வெட்டினாலும் ஆடு மேய்ந்தாலும் இந்த வாசனை வரும்.

புழு கடித்தால் விஷயம் அதோடு நிற்பதில்லை. மக்காச்சோள நாற்றின் இலையைப் பிளேடால் கீறினால் பச்சை வாசனை எழுந்து அடங்கிவிடும். அதே கீறலில் புழுவின் எச்சிலைத் தடவினால், சில மணி நேரம் கழித்து டெர்பீன் வகை வாசனைகள் கிளம்புகின்றன. டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1990-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கடிபடாத இலைகளிலிருந்தும்கூட அது கிளம்புவது 1992-இல் தெரிந்தது! எச்சிலில் செடியை உசுப்பிவிடும் பொருள் 1997-இல் பிடிபட்டது. அதன் பெயர் வாலிசிட்டின்.

இந்த வாசனையைத் தேடி வருவது ஒட்டுண்ணிக் குளவி. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். புழு தன் வாசனையை அடக்கி ஒளிந்துகொள்ளலாம். அது உட்கார்ந்திருக்கும் செடி சும்மா இருக்காதே.

வயலில் இதை அழகாகப் பயன்படுத்தியது கென்யாவில். 1990-களில் ஆய்வாளர்கள் ஜெயாவர் கானும் ஜான் பிக்கெட்டும் சேர்ந்து உருவாக்கிய முறை அது: 'தள்ளு-இழு'. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி. அதன் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியைத் துரத்தும். வயல் ஓரத்தில் நேப்பியர் புல்; அது வா என்று இழுக்கும். அங்கே முட்டையிட்டால், துளைக்கும் புழுக்களில் பெரும்பாலானவை புல் கசியும் பிசினில் சிக்கிச் சாகும். டெஸ்மோடியத்தின் வேர், சுடுமல்லிக் களையையும் அடக்கும். இது முதலில் எதிர்பாராத லாபம்.

சரி, வாசனையைச் செடிக்குள்ளேயே புகுத்திவிட்டால்? இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் முயன்று பார்த்தது. அசுவினியை ஏதாவது பிடித்தால், அது பின்பக்கக் குழாய் இரண்டிலிருந்தும் ஒரு துளி கசியவிடும். அதிலுள்ள ஃபார்னசீன் வாசனை பட்டதும் பக்கத்து அசுவினிகள் செடியைவிட்டுக் குதித்துவிடும். அந்த வாசனையைத் தானே வெளியிடும் கோதுமையை மரபணு மாற்றி உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் அசுவினி ஓடியது, அசுவினிக்குள் முட்டையிடும் குளவி வந்தது. 2012, 2013 வயல் சோதனைகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. அசுவினி ஆபத்தின்போது மட்டும் விட்டுவிட்டுக் கத்துகிறது. கோதுமையோ ஓயாமல் கத்தியது. அதனால்தான் எடுபடவில்லை என்பது ஒரு விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பூச்சி தாக்கிய செடிகள் விடும் வாசனைப் பொருளான மெத்தில் சாலிசிலேட் நிரப்பிய பொட்டலங்களைத் தொங்கவிட்டுப் பொறிவண்டையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் வரவழைப்பதிலும் இதே சிக்கல் உண்டு. கூப்பிட்டுவிட்டு இலை போடாவிட்டால் வந்தவை எத்தனை நாள் தங்கும்? அதனால் பொட்டலத்துக்குப் பக்கத்தில் தேன் தரும் பூச்செடிகளையும் வரிசையாக நட்டுப் பார்க்கிறார்கள். குளவியின் குஞ்சுக்குத்தான் புழு வேண்டும். வளர்ந்த குளவிக்குத் தேன் இருந்தால் போதும்.