கிழங்கு வற்றல்: வெயிலுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

தண்டையார்பேட்டையில் வற்றல் போட்டு விற்கும் பெண்கள் குழுவினர், உணவுத் தொழில்நுட்ப ஆலோசகரான என்னிடம் கடந்த சித்திரையில் இரண்டு தட்டு உருளைக்கிழங்கு வற்றலைக் கொண்டுவந்தார்கள். ஒரே மூட்டைக் கிழங்கு, ஒரே மொட்டை மாடி, ஒரே வெயில். ஆயினும் ஒரு தட்டு வற்றல் கண்ணாடிபோல் இருந்து சட்டென்று ஒடிந்தது, மற்றது கறுத்து, ஒடியாமல் வளைந்தது.

விசாரித்தபோது, இரண்டாம் தட்டுச் சீவல்களைத் தண்ணீரில் போடாமல் குவித்து வைத்துவிட்டு, பிறகு குழைய வேகவிட்டிருக்கிறார்கள். சீவிய கிழங்கில் காற்றுப் பட்டதும் அதிலுள்ள நொதி அதைக் கறுக்க வைக்கிறது. சீவியவுடன் தண்ணீரில் அலசி மேல்மாவைப் போக்கி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றினால் அந்த நொதி அடங்குவதோடு, திசுக்கள் தளர்ந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறவும் வழி பிறக்கிறது. அளவு மீறி வெந்தாலோ மாவு கூழாகி மேலே ஏடாகப் படிந்து, உள்ளீரத்தைப் பூட்டிவிடும்; பின்னர் பூஞ்சை பிடிப்பது அங்கேதான்.

உப்பு விஷயத்தில் வடசென்னைக்குத் தனிக் கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால், கடலோரத்தில் உப்பு தூக்கலான வற்றலை இரவில் மாடியிலேயே விட்டால் பகலில் காய்ந்தது பாதி வீணாகும்.

மரவள்ளிக்கு இதே பக்குவம் பொருந்தாது என்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்வேன். அதிலுள்ள லினமாரின் என்ற பொருளைச் சிதைத்து, அதிலிருந்து பிரியும் சயனைடு ஆவியாகிப் போக வழிசெய்வது அக்கிழங்கிலேயே இருக்கும் மற்றொரு நொதி. எடுத்த எடுப்பில் கொதிநீரில் போட்டால் அந்த நொதி அழிந்துவிடும். லினமாரினில் ஒரு பகுதி நீரில் கரைந்தாலும் மிச்சம் சீவலிலேயே தங்கிவிடும். ஆகவே தோலைத் தடிமனாக நீக்கி, மெல்லியதாகச் சீவி, இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிய பிறகே நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதையும் வடித்துவிட வேண்டும். வாயில் வைத்துக் கசக்கும் கிழங்கை வற்றலாக்கித் தேற்றிவிடலாம் என்று எண்ணவே வேண்டாம். விலையைப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.