விமானத்தில் கேமராவும் டைவிங் சாமானும்: உடைந்தால், தொலைந்தால் என்ன கிடைக்கும்?

உள்நாட்டு விமானத்தில் செக்-இன் லக்கேஜ் தொலைந்தாலோ, உடைந்தாலோ, தாமதமாக வந்தாலோ விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். பைக்குள் இரண்டு லட்ச ரூபாய் கேமரா இருந்தாலும் அதே 20,000தான். அதுவும் நஷ்டத்தைக் காட்டினால்தான். தானாகக் கைக்கு வந்துவிடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வெளியூர்க் கல்யாண ஆர்டருக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்களும், அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்களும் டிக்கெட் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

மாலத்தீவு, தாய்லாந்து என்று வெளிநாடு போனால், நாடுகளுக்கிடையே விமானப் பயணத்துக்கென்று உள்ள மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். 2024 டிசம்பர் 28 முதல் அதன் வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. மதிப்பு தினமும் மாறும், தோராயமாக ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் வரும்.

இந்த வரம்பை உயர்த்திக்கொள்ள அதே ஒப்பந்தத்தில் ஒரு வழி உண்டு. பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பையை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை எழுத்தில் அறிவித்து, நிறுவனம் கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்டினால், அறிவித்த தொகை வரை பொறுப்பு அவர்களுடையது. கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைக்கே இது தெரியாமல் இருக்கலாம். அதனால் இரண்டு நாள் முன்னதாகவே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டணம் அதிகமாகப் பட்டால் கேமராவுக்கென்றே இன்ஷூரன்ஸ் எடுப்பது மேல். சாதாரணப் பயண இன்ஷூரன்சை நம்பிப் போகிறவர்கள், ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என்னைக் கேட்டால் கேமரா பாடியும் லென்ஸும் கையோடுதான் வர வேண்டும். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான், இடம் பத்தாது. அப்போது டிரைபாட், லைட் ஸ்டாண்ட், சார்ஜர் வயர் எல்லாம் செக்-இன்னில் போகட்டும்.

பேட்டரி விஷயத்தில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. உதிரி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் இரண்டும் கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டே இரண்டு. 160க்கு மேல் கிடையாது. பேட்டரியில் வாட்-அவர் அச்சிடவில்லை என்றால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-அவர் வி-மவுண்ட் பேட்டரி ஏறக்குறைய 98 வரும், அதாவது வரம்புக்குள். ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் டேப் ஒட்டியோ, தனித்தனிக் கவரில் போட்டோ வைக்க வேண்டும்.

நமக்குப் பக்கமான சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வருவது சின்ன ஏ.டி.ஆர். விமானம். மேலே இடமில்லை என்று படிக்கட்டருகே கைப்பையை வாங்கி அடியில் போடச் சொல்வார்கள். அந்த இடத்திலேயே பேட்டரிகளையும் கேமராவையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் பையைக் கொடுக்க வேண்டும். இதற்காகவே பைக்குள் ஒரு துணிப்பையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பையைக் கொடுத்ததும் டேக் கேட்டு வாங்குங்கள்.

டைவிங் சாமானில், தண்ணீருக்கடியில் மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரும் டைவ் கம்ப்யூட்டரும் கையோடு வரட்டும். ஃபின்ஸ், வெட் சூட், கத்தி செக்-இன்னில். கத்தி கையில் இருந்தால் செக்யூரிட்டியில் பறிபோகும். டைவிங் டார்ச் தண்ணீருக்கு வெளியே எரிந்தால் பயங்கரமாகச் சூடாகும் என்பதால் அதற்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், பேட்டரியைக் கழற்றிக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீருக்குள் கேமராவைப் போட்டு எடுத்துப்போகும் ஹவுசிங் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி அனுப்பாதீர்கள். மேலே காற்றழுத்தம் குறையும்போது உள்ளே அடைபட்ட காற்று சீலைத் தள்ளும். அந்தச் சீலாக இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சின்ன டப்பாவில் வைத்துவிட்டால் தொல்லையில்லை.

பை கவுன்ட்டரில் கைமாறும்போதுதான் நிறுவனத்தின் பொறுப்பு தொடங்குகிறது. தொப்பூர் கணவாயில் பஸ் குலுக்கியபோதே உடைந்திருக்கும் என்று நாளைக்குச் சொல்லாமலிருக்க, கொடுப்பதற்கு முன் பையைத் திறந்து ஒரு படம், மூடி ஒரு படம் எடுத்துவிடுங்கள். எளிதில் உடையும் பொருள் என்று ஒரு டேக்கில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடாதீர்கள். வெளிநாட்டுப் பயணத்தில், பொறுப்பையே கைகழுவும் நிபந்தனை அதில் இருந்தாலும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 26ஆவது பிரிவுப்படி அது செல்லாது.

வெளிநாட்டுக்கு விலை கூடிய கேமரா கொண்டுபோனால், புறப்படும்போதே கஸ்டம்ஸ் அதிகாரியிடம் சீரியல் எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி வராது.

இறங்கிய இடத்தில் பை வரவில்லை, அல்லது உடைந்து வந்தது என்றால் பெல்ட் பகுதியைவிட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே நிறுவனத்தின் ஆளிடம் பி.ஐ.ஆர். என்கிற புகார்ப் படிவம் எழுதி எண் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்குப் பை கிடைத்த 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பை கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். 21 நாளாகியும் வராத பையைத் தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம். உள்நாட்டிலும் அந்த 7 நாளைத் தாண்ட விடாதீர்கள். ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிய பிறகு எழுதும் புகாருக்குப் பலம் குறைவு.

நிறுவனம் இழுத்தடித்தால் மத்திய அரசின் ஏர்சேவா புகார்த் தளத்தில் பதியலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இங்கே அது டிக்கெட் பணம்தான். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். போர்டிங் பாஸ், லக்கேஜ் டேக், பி.ஐ.ஆர். நகல், கேமரா வாங்கிய பில், சர்வீஸ் சென்டர் தந்த மதிப்பீடு, கவுன்ட்டரில் எடுத்த படங்கள் இவ்வளவையும் சேர்த்துக் கொடுங்கள்.