ஹாரர், திகில், மருள்: ஒரு சொல்லைத் தேடி

போன மாதம் நண்பர் ஒருவர் நல்ல பேய்ப்படம் ஒன்று சொல்லச் சொன்னார். 1943-இல் வந்த 'தி செவன்த் விக்டிம்' படத்தைச் சொன்னேன். மறுநாள் போன் செய்து கேட்டார்: "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பேய் எங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். பேய்ப்படம் என்று சொன்னால் பேய் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அந்தப் படத்தில் பேய் கிடையாது. காணாமல்போன அக்காவைத் தேடி ஒரு பள்ளி மாணவி நியூயார்க்குக்கு வருகிறாள். அக்கா ஒரு உணவகத்துக்கு மேலே அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள், ஆனால் ஒரு நாளும் அங்கே தங்கியதில்லை என்று தெரிகிறது. கதவைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு நாற்காலி, அதற்கு மேலே தொங்கும் ஒரு சுருக்குக் கயிறு, வேறு எதுவுமே இல்லை. படத்தின் மிச்சம் முழுக்க அந்த அறை நம்மோடு வந்துகொண்டே இருக்கும். இதற்குப் பேய்ப்படம் என்ற பெயர் பொருந்தாது. அப்படியென்றால் தமிழில் என்னவென்று சொல்வது? ஆங்கிலத்தில் 'அட்மாஸ்பெரிக் ஹாரர்' என்கிறார்கள். அந்த இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்த்துவிட்டு நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடலாம்.

முதலில் ஹாரர். லத்தீனில் 'ஹொர்ரேரெ' என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. அந்த வினைக்கு அடிப்படைப் பொருள் சிலிர்த்து நிற்பது, விறைத்து நிற்பது. வயலில் கதிர்கள் விறைத்து நிற்பதைச் சொல்லவும் லத்தீன் கவிஞர்கள் இதே வினையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயத்தில் மயிர் எழுந்து நிற்பதால் அச்சத்துக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, ஹாரர் என்ற சொல்லுக்குள் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை, பார்ப்பவனின் தோல்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மொழியியலாளர்கள் இதே வேரோடு சேர்த்துச் சொல்லும் வடமொழிச் சொல் ஹர்ஷம். ஆமாம், மகிழ்ச்சி என்ற பொருளில் வரும் அதே ஹர்ஷம்தான். கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தனக்கு ரோமஹர்ஷம் உண்டாகிறது என்று சொல்வது மகிழ்ச்சியில் இல்லை, உடல் நடுங்கும் நேரத்தில். மயிர் எதற்காக எழுந்து நிற்கிறது என்பது இடத்தைப் பொறுத்தது. தமிழிலும் அப்படித்தான். கருவறையில் தீபாராதனை காட்டும்போதும் புல்லரிக்கிறது, ஆளில்லாத தெருவில் பின்னால் யாரோ வருவதுபோல் தோன்றும்போதும் புல்லரிக்கிறது. இந்தப் பொதுத்தன்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, தமிழில் இப்போது என்ன சொல்கிறோம்? ஒன்று பேய்ப்படம், இன்னொன்று திகில் படம். பேய்ப்படம் என்பது திரையில் வருவதை வைத்து இட்ட பெயர். பேய் வராவிட்டால் ஏமாற்றம்தான். திகில் கொஞ்சம் மேல், அது உணர்வின் பெயர். கன்னடத்தில் திகிலு என்றால் பயம். தெலுங்கில் திகுலு என்றால் பயத்தோடு கவலையும் துயரமும் சேர்ந்துகொள்ளும். தமிழில் திகிலுக்குள் ஒரு திடீர்த்தன்மை வந்துவிட்டது. கொலைக் கதை, துப்பறியும் கதை, செய்தித்தாளில் வரும் 'திகில் சம்பவம்' எல்லாவற்றுக்கும் அதே சொல். கதவு படாரென்று திறந்தால் திகில். கதவு மூடியே இருக்கிறது, ஆனால் அதற்கு அந்தப் பக்கம் என்னவோ இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் தோன்றிக்கொண்டே இருந்தால், அதற்குத் திகில் என்ற சொல் போதவில்லை.

இனி அட்மாஸ்பியர். கிரேக்கத்தில் 'அட்மோஸ்' என்றால் ஆவி, 'ஸ்பைரா' என்றால் உருண்டை. ஒரு கோளைச் சுற்றி நிற்கும் ஆவிமண்டலம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டில் முதலில் வந்தது நிலவைப் பற்றிப் பேசும்போது என்கிறார்கள். இல்லாத காற்றுக்கு வைத்த பெயர்! அப்புறம்தான் ஓர் இடத்தின், ஒரு படைப்பின் மனநிலையைக் குறிக்க அதை எடுத்துக்கொண்டார்கள். நம் பாடநூல் சொல் வளிமண்டலம், அது அறிவியலோடு நின்றுவிடும். சூழல் என்றால் சுற்றுச்சூழல் நினைவு வருகிறது. சூழ்நிலை என்றால் 'சூழ்நிலை சரியில்லை' என்று சொல்லத்தான் கை போகிறது. 'சூழல்சார் திகில்' என்று சிலர் எழுதிப் பார்க்கிறார்கள். அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைபோல இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

தொல்காப்பியத்துக்குப் போகலாம். மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது. ஹாரர் என்ற லத்தீன் சொல்லும் மெய்ப்பாடு என்ற தமிழ்ச் சொல்லும் ஒரே இடத்தில் கை வைக்கின்றன என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எட்டில் ஒன்று அச்சம். 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று அது எதனால் வரும் என்றும் சொல்லிவிடுகிறது. தெய்வமோ பேயோ, மிருகம், திருடன், அரசன். இன்றைக்கு வரும் பயப்படங்களை இந்த நான்கு பெட்டிகளில் பெரும்பாலும் போட்டுவிடலாம். ஆனால் அந்த நாற்காலியும் கயிறும் இருந்த அறை எந்தப் பெட்டிக்கும் போகாது. அதே பட்டியலில் அச்சத்துக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது: மருட்கை. உரைகாரர்கள் அதை வியப்பு என்பார்கள். நான் தேடும் சொல் அதன் வேரில் இருக்கிறது.

மருள்.

இந்தச் சொல் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். மனம் குழம்புவது மருள். மாடு மருண்டு ஓடும்போது அது பயம், பேச்சில் மிரண்டு என்றும் சொல்கிறோம். கோயில் கொடையில் சாமி வந்து ஆடுபவருக்குச் சில ஊர்களில் மருளாளி என்று பெயர், அங்கே மருள் என்பது இன்னொன்று உடம்பில் இறங்குவது. வெண்பாவும் ஆசிரியப்பாவும் கலந்து வந்தால் மருட்பா, எது எதுவென்று ஒரு பக்கம் நிற்காத கலப்பு. வள்ளுவர் 351-ஆம் குறளில் இலக்கணமே சொல்லிவிடுகிறார்: 'பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்.' அவர் பேசுவது பிறவியைப் பற்றி, அது வேறு. ஆனால் இல்லாததை இருப்பதாக உணர்வது என்ற அந்த வரையறையைவிட நல்ல வரையறை இந்த வகைப் படங்களுக்கு நான் எங்கும் பார்க்கவில்லை.

அதைவிட 1229-ஆம் குறள். 'பதிமருண்டு பைதல் உழக்கும் மதிமருண்டு மாலை படர்தரும் போழ்து.' அறிவு மயங்கும்படி மாலை வந்து பரவும்போது இந்த ஊரே மயங்கித் துன்பப்படும் என்று பிரிவில் இருக்கும் தலைவி சொல்கிறாள். மருள்வது அவள் மனம். ஆனால் ஊரும் மருண்டு தெரிகிறது. உள்ளே இருப்பது வெளியே போய் வீட்டின் மேலும் தெருவின் மேலும் படிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அட்மாஸ்பியர் என்று அவர்கள் சொல்ல முயல்வதும் இதைத்தான். இங்கே அதற்குக் காதல்தான் காரணம், பயம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். புல்லரிப்பு இரண்டுக்கும் பொது என்று முன்பே பார்த்தோமே, மருளும் அப்படி இரண்டு பக்கமும் நிற்கிற சொல்.

மாலை நேரம் என்றதும் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' ஞாபகம் வருகிறது. 1962. எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கான்சாஸ் மாநிலத்தில் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விளக்கப் படங்கள் எடுப்பது அவர் வேலை. ஒரு நாள் யூட்டா வழியாகக் காரில் வரும்போது, சூரியன் மறையும் நேரத்தில், பெரிய உப்பு ஏரிக்கரையில் சால்டேர் என்ற கைவிடப்பட்ட கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். ஏரி பின்வாங்கிப்போயிருந்தது, மண்டபம் மட்டும் கோபுரங்களோடு வெட்டவெளியில் நின்றது. அந்தக் காட்சிதான் படம். கூட வேலை செய்த ஒருவரிடம் அங்கே முடிகிற மாதிரி ஒரு கதை எழுதச் சொன்னார். சுமார் 33,000 டாலரில் படத்தை முடித்தார்.

கதை சின்னது. பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுகிறது, ஒரு பெண் மட்டும் சேறோடு கரையேறுகிறாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறாள். வெளிறிய முகத்தோடு ஒருவன் அங்கங்கே தெரிகிறான் (அது ஹார்வியேதான்). என்னால் மறக்க முடியாத இடம் துணிக்கடை. உடை மாற்றும் அறையிலிருந்து அவள் வெளியே வருகிறாள். சத்தம் நின்றுவிடுகிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள், அவளுக்குக் கேட்கவில்லை. இவள் அங்கே நிற்பதே யாருக்கும் தெரியவில்லை. தெருவில் வண்டிகள் ஓசையே இல்லாமல் போகின்றன. ஒரு பூங்காவில் மரத்தைத் தொட்டு நிற்கும்போது ஒரு பறவையின் குரல் கேட்கிறது, அதோடு உலகத்தின் சத்தமெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. பட்டப்பகல், நகரத்தின் நடுவில் நடக்கிறது இது. துணிக்கடையில் பேயைக் காட்டியிருந்தால் பத்து நொடியில் மறந்திருப்போம்.

படம் வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரதியில் காப்புரிமை அறிவிப்பு இல்லாததால் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகி, நள்ளிரவுத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. 1989-இல் மறுபடி திரையரங்குக்கு வந்தபோதுதான் பலர் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சால்டேர் மண்டபம் அதற்கு முன்பே, 1970-இல், எரிந்துபோய்விட்டது.

இந்த வகைக்கு அடித்தளம் போட்டவர் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ அவருக்கு வைத்த நிபந்தனைகள் கடுமையானவை. செலவு ஒன்றரை லட்சம் டாலருக்குள், நீளம் 75 நிமிடத்துக்குள், தலைப்பை ஸ்டூடியோவே கொடுக்கும். 'கேட் பீப்பிள்' என்று 1942-இல் ஒரு தலைப்பு கொடுத்தார்கள். புலி வேஷம் போட்டு ஆட விட்டிருக்கலாம். லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் விளக்கைக் குறைத்தார்கள், காதைக் கூர்மையாக்கினார்கள். இரவில் ஒரு பெண் பூங்கா ஓரமாகத் தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வருகின்றன. பின்னால் வந்த சத்தம் திடீரென்று நின்றுவிடுகிறது. பயமுறுத்துவதே அந்த நின்றுபோன சத்தம்தான். முன்னால் போகிறவள் ஓட ஆரம்பிக்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. மருளும் திகிலும் எங்கே பிரிகின்றன என்பதை இந்தக் காட்சியை வைத்தே விளக்கிவிடலாம்: பேருந்து வருவது திகில், அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் மருள்.

ஜாக் கிளேட்டனின் 'தி இன்னசன்ட்ஸ்' (1961) கொஞ்சம் பேர் வாங்கிய படம்தான், ஆனாலும் நம் ஆட்கள் அதிகம் பார்த்ததில்லை. அகலத் திரையில் எடுக்கவேண்டும் என்று ஸ்டூடியோ கட்டாயப்படுத்தியது. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் கேமராவின் வடிகண்ணாடிகளின் (ஃபில்டர்) ஓரத்தில் வண்ணம் பூசித் திரையின் இரு பக்கத்தையும் இருட்டாக்கினார். அந்த ஓரங்களையே கண் தேடிக்கொண்டிருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம், நாணலுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்பாள். அவள் எதுவும் செய்வதில்லை.

நம் பக்கமும் இது இல்லாமல் இல்லை. 1963-இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில் பாழடைந்த ஜமீன் மாளிகையை ஒளியால் எழுதிய ஏ. வின்சென்ட், அடுத்த ஆண்டே மலையாளத்தில் பஷீரின் கதையை வைத்து 'பார்கவி நிலையம்' இயக்கினார். பாட்டுக்காக மட்டும் இவற்றை நினைவில் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம் புணர்ச்சி விதி. மருள் என்பதோடு பா சேர்ந்து மருட்பா ஆவதுபோல, படம் சேர்ந்தால் மருட்படம். சொல்லிப் பாருங்கள், வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது. அட்மாஸ்பெரிக் ஹாரருக்கு மருட்படம், அந்தத் தன்மைக்கு மருள், பொதுவாக ஹாரருக்குத் திகில் படம், பேய் வந்தால் மட்டும் பேய்ப்படம். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பதைச் சில ஊர்களில் 'மருண்டவன் கண்ணுக்கு' என்றும் சொல்வார்கள். அந்தப் பழமொழியில் பேய் கடைசியில்தான் வருகிறது. முதலில் மருளவேண்டும், பிறகு இருட்டவேண்டும்.

நண்பருக்கு இதையெல்லாம் சொல்லி 'செவன்த் விக்டிம்' படத்தை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 71 நிமிடம்தான். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, விளக்குப் போடுவதற்குச் சற்று முன்னால் ஆரம்பியுங்கள் என்றேன். நாயகி குளித்துக்கொண்டிருக்கும்போது திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தொப்பி வைத்த ஒரு பெண்ணின் நிழல் வந்து நின்று அமைதியாகப் பேசும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வருவதற்கு 17 ஆண்டுகள் முன்னால் எடுத்தது அது. கத்தி எதுவும் இல்லை, ஊருக்குத் திரும்பிப் போய்விடு என்று சொல்கிறாள், அவ்வளவுதான்.