இரண்டு ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று ஈர்க்குமா?

ஹைட்ரஜன் பிணைப்பில் ஹைட்ரஜன்தான் எப்போதும் நேர்மின் பக்கம். அப்படியிருக்க இரண்டு ஹைட்ரஜன்கள் தமக்குள் எப்படிப் பிணையும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இடைநிலை உலோகம் ஒன்று துணைக்கு வந்தால் பிணையும்.

நீரில் நடப்பது பள்ளிப் பாடம். ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுத்துக்கொள்ள, ஹைட்ரஜன் ஓரளவு நேர்மின் பெறுகிறது. பக்கத்து மூலக்கூறின் தனித்த எலக்ட்ரான் இரட்டை அதை ஈர்க்கிறது. ரீனியம், இரிடியம் போன்ற உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்து, பாஸ்பீன் ஈனிகள் (உலோகத்தோடு இணைந்து நிற்கும் பாஸ்பரஸ் மூலக்கூறுகள்) சூழ இருக்கும் ஹைட்ரஜனோ ஓரளவு எதிர்மின் கொண்ட ஹைட்ரைடு. எல்லா உலோக ஹைட்ரைடும் இப்படியல்ல. நான்கு கார்பனைல் (கார்பன் மோனாக்சைடு ஈனி) கொண்ட கோபால்ட் ஹைட்ரைடு நல்ல அமிலம்!

1990களின் நடுவில் யேல் பல்கலைக்கழகத்தில் கிராப்ட்ரீ குழுவும் டொராண்டோவில் மோரிஸ் குழுவும் இந்த ஈர்ப்பை இரிடியம் சேர்மங்களில் காட்டின. ரீனியம் ஹைட்ரைடும், நைட்ரஜனில் நேர்மின் ஹைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மமான இண்டோலும் சேர்ந்த படிகத்தில் இரு ஹைட்ரஜன்களுக்கு இடையே 1.73 ஆங்ஸ்ட்ராம்தான் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால் 2.4 இருக்க வேண்டும். பிணைப்பின் வலிமை மோலுக்கு 3 முதல் 7 கிலோகலோரி, ஏறத்தாழ நீரில் உள்ள அளவு.

இதில் உண்மையான அழகு கோணத்தில் இருக்கிறது. ஹைட்ரைடுக்குத் தனித்த எலக்ட்ரான் இரட்டை கிடையாது. இருக்கும் ஒரே இரட்டை, உலோகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே பிணைப்பில் கிடக்கிறது. ஆகவே வரும் புரோட்டான் (நேர்மின் ஹைட்ரஜன்) நுனியை நோக்கி நேராக வருவதில்லை. பிணைப்பின் பக்கவாட்டில் சாய்ந்து அணைகிறது. அந்தச் சாய்விலேயே அடுத்த படி தயாராகிவிடுகிறது. புரோட்டான் இன்னும் நெருங்கினால், இரு ஹைட்ரஜன்களும் உலோகத்தின் மேல் குறுக்காகப் படுத்த ஒரே மூலக்கூறாகின்றன. 1984-இல் வேதியியலர் குபாஸ் டங்ஸ்டனில் கண்டறிந்த அமைப்பு இதுதான்: அங்கே இடைவெளி 0.82 ஆங்ஸ்ட்ராம், தனி ஹைட்ரஜன் வாயுவில் 0.74. ஈர்ப்பில் தொடங்கி வாயு பிறக்கும்வரை ஒரே பாதை.

இதை நிறமாலையில் பார்க்க, ஹைட்ரைடோடு சேர்க்கும் ஆல்கஹாலின் அமிலத்தன்மையைப் படிப்படியாகக் கூட்டுவது நல்ல வழி. மெத்தனாலின் பிகேஏ (குறையக் குறைய அமிலம் வலியது என்று காட்டும் எண்) 15.5, ட்ரைஃபுளோரோஎத்தனால் 12.4, ஹெக்ஸாஃபுளோரோஐசோப்ரோப்பனால் 9.3. அகச்சிவப்பில் 3600 செ.மீ⁻¹ அருகே உள்ள தனி ஆல்கஹாலின் கூர்முனை குறைந்து, அதற்குக் கீழே அகன்ற பட்டை எழும். ஆல்கஹாலை லிட்டருக்கு 0.01 மோல் அளவில் வைத்து ஹைட்ரைடை மிகையாகச் சேர்க்க வேண்டும். செறிவு கூடினால் ஆல்கஹால் தனக்குத்தானே பிணைந்து அதே இடத்தில் பட்டை காட்டும். கரைப்பானில் ஈரம் இருந்தாலும் அதே குழப்பம். கார்பன் டெட்ராகுளோரைடு ஆகாது; ஹைட்ரைடு தன் ஹைட்ரஜனைக் கொடுத்துக் குளோரினை வாங்கிக்கொள்ளும். உலோகம்-ஹைட்ரஜன் பட்டையை மட்டும் நம்பக் கூடாது, கார்பனைல் பட்டைகள் அதை மறைத்துவிடும். வலிய அமிலங்களோடு வேலை செய்யும்போது −80 செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். சூடேறினால் ஹைட்ரஜன் வாயு வெளியேறி, காலியான இடத்தில் ஆல்கஹாலின் எதிர்மின் அயனி உட்கார்ந்துவிடும். பிறகு திரும்ப வழியில்லை.

தூரத்தை அளக்க எக்ஸ் கதிர் போதாது. 75 எலக்ட்ரான் கொண்ட ரீனியத்தின் அருகே ஒற்றை எலக்ட்ரான் ஹைட்ரஜன் மங்கிப்போகும். நியூட்ரான் கதிருக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கன மில்லிமீட்டர் அளவுப் படிகம் வேண்டும், அணு உலையும் வேண்டும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இருந்த உயர்பாய்வு உலையை 1999-இல் நிரந்தரமாக மூட முடிவெடுத்தது இத்துறைக்குப் பெரிய இழப்பு என்பதே என் கருத்து. இத்தகைய வசதிகளை உடனடி லாபத்தைக் கணக்கிட்டு நடத்த முடியாது.

இந்த வேதியியலின் பயன், ஹைட்ரஜன் தயாரிக்கும் வினையூக்கிகளில் தெரிகிறது. ஹைட்ரஜனேஸ் நொதியைப் பின்பற்றி, நிக்கல் ஹைட்ரைடுக்கு எதிரே புரோட்டானை ஏந்திய அமீனை ஈனியிலேயே பொருத்துகிறார்கள். ஈனிக்கு இரண்டு அமீன் வைத்தபோது, புரோட்டான் அவற்றுக்கு நடுவே உலோகத்துக்கு வெளிப்புறமாகச் சிக்கி வேகம் குறைந்தது. 2011-இல் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் ஒரே அமீன் கொண்ட ஈனியைப் பயன்படுத்தி, நொடிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைப் பெற்றது. அதற்கு 0.6 வோல்ட்டுக்குச் சற்று அதிகமான மிகை மின்னழுத்தம் (வினைக்குக் கோட்பாட்டளவில் வேண்டியதற்கு மேல் தர வேண்டிய மின்னழுத்தம்) தேவைப்பட்டது. வேகம் குறையாமல் அதைக் குறைப்பதுதான் அடுத்த வேலை.