ஆட்டிசத்தில் பிஎச்.டி.: தலைப்பு வைக்கும் முன்

சிறப்புக் கல்வியிலோ பேச்சுப் பயிற்சியிலோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு, பிஎச்.டி. பதியலாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தலைப்போடுதான் வருகிறார்கள். ஆட்டிசம் உள்ள முப்பது குழந்தைகளுக்கு மூன்று மாதம் ஏதோ ஒரு பயிற்சி; முன்னும் பின்னும் மதிப்பெண்; முடிந்தது ஆய்வு.

அந்த மூன்று மாதமும் அதே குழந்தை இன்னொரு மையத்துக்கும் போகும். ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கினால் வீட்டில் பேச்சு கூடும். குழந்தை தானாகவும் வளரும். ஒப்பிட வேறு குழு இல்லையென்றால் முன்னேற்றத்தை யார் கணக்கில் எழுதுவது?

அளவுகோலும் காலை வாரும். பலர் எடுப்பது ஐ.எஸ்.ஏ.ஏ., அதாவது ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல். அதில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153-ஐத் தாண்டினால் கடுமையானது. ஆட்டிசம் உண்டா, எந்த அளவு என்று பார்க்க அது சரி. தண்ணீருக்கு அம்மாவின் கையை இழுத்துப்போய்க் குடத்தின் மேல் வைத்த பையன் இப்போது விரல் நீட்டிக் காட்டுகிறான். வீட்டில் அது பெரிய விஷயம். மொத்த மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு அசைந்தால் அதிகம்.

அதற்குப் பதில், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சுட்டிக் காட்டினான் என்று எண்ணுங்கள். நாலைந்து குழந்தைகள் போதும். பயிற்சிக்கு முன்பே சில நாள் எண்ணி வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வாரத்தில் பயிற்சியைத் தொடங்குங்கள். அவரவருக்குத் தொடங்கிய பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால், தற்செயல் என்று யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. 'நாலு பேரை வைத்து ஆய்வா?' என்று கேட்கும் நெறியாளர்களும் உண்டு. பதியும் முன்பே பேசிவிடுவது நல்லது. யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது 3 வருடம் அவரோடுதான் ஓட்ட வேண்டும்.

அப்புறம், சம்மதம். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பேசாத குழந்தை 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டும் என்று அம்மாவிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வையுங்கள். காதைப் பொத்தலாம், கதவருகே போய் நிற்கலாம். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும், தரவு குறைந்தாலும்.

இன்னொன்று. மையங்களில் சிறுவர்களே கிடைப்பதால் ஆய்வும் அவர்களோடு நின்றுவிடுகிறது. 25 வயதில் ஆட்டிசம் உள்ள ஒருவர் பகல் முழுக்க என்ன செய்கிறார், யாரோடு இருக்கிறார்? இதில் கைவைக்க யாராவது முன்வந்தால், ஆய்வுத் திட்டத்தை உட்கார்ந்து படித்துத் தர நான் தயார்.