கிரேக்கத் தீவுக் கப்பல் ரத்தானால் என்னென்ன கேட்டு வாங்கலாம்?

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கப்பல் கிளம்பாது. காற்றின் வேகத்தைச் சொல்லும் பொஃபோர்ட் அளவுகோலில் 8-ஐ எட்டினால் துறைமுக அதிகாரிகள் பெரும்பாலும் ‘அபகோரெஃப்டிகோ’ என்னும் தடையைப் போட்டுவிடுவார்கள். வேகக் கப்பல்களுக்கு அதற்கு முன்பே தடை வரலாம். ஏதென்ஸைப் பார்த்துவிட்டு சாந்தோரினிக்கோ நக்ஸோஸுக்கோ போகிறவர்கள் பிரேயஸ் துறைமுகத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இதற்கென்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதி இருக்கிறது. 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. ஒன்றியத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் யாருக்கும் பொருந்தும்; எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று பார்ப்பதில்லை.

கப்பல் ரத்தானாலோ, கிளம்ப 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: கூடுதல் கட்டணமில்லாமல் அடுத்த கப்பலில் இடம், அல்லது 7 நாளுக்குள் டிக்கெட் பணம். கவுன்டரில் “காற்று, நாங்கள் என்ன செய்வது” என்றதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். காற்றால் நின்றாலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கு சாப்பாடு, தண்ணீர் தருவதும் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு. மோசமான வானிலையில் கிடைக்காமல் போவது தங்குமிடமும் இழப்பீடும்தான்.

எஞ்சின் கோளாறு போன்ற காரணமென்றால் கரையில் தங்க இரவுக்கு 80 யூரோ வரை, அதிகபட்சம் 3 இரவு. போய்ச்சேரத் தாமதமானால் இழப்பீடும் உண்டு. 4 மணி நேரம் வரையான பயணம் 1 மணி நேரம் தாமதமானால், அல்லது 4 முதல் 8 மணி நேரப் பயணம் 2 மணி நேரம் தாமதமானால், டிக்கெட் விலையில் 25 சதவீதம். தாமதம் அதன் இரட்டிப்பைத் தாண்டினால் 50. 80 யூரோ டிக்கெட்டில் 5 மணி நேரப் பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கு 20 யூரோ, 4 மணி நேரத்தைத் தாண்டினால் 40 யூரோ. ஏஜினா போன்ற பக்கத்துத் தீவுக்கு 10 யூரோ டிக்கெட் எடுத்திருந்தால் கணக்கு 2.50தான் வரும்; 6 யூரோவுக்குக் குறைந்த தொகையைத் தராமல் இருக்க நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. இழப்பீட்டைக் கூப்பனாகக் கொடுத்தால், பணமாகவே வேண்டும் என்று கேளுங்கள்.

தவறவிட்ட விமானத்துக்கு இந்த விதியில் இடமில்லை. ஆகவே தீவிலிருந்து திரும்பும் நாளையும் ஊர் திரும்பும் விமானத்தையும் ஒரே தேதியில் வைக்காதீர்கள். நடுவில் ஓர் இரவாவது ஏதென்ஸில் இருங்கள். ரத்துச் செய்தி உங்களுக்கு வந்து சேர, டிக்கெட் எடுக்கும்போது கிரேக்கத்தில் வேலை செய்யும் மொபைல் எண்ணைக் கொடுங்கள்.

புகாரை 2 மாதத்துக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். டிக்கெட், ரத்துச் செய்தி, அறிவிப்புப் பலகையின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். நிறுவனம் 1 மாதத்தில் நிலையைச் சொல்லவும், 2 மாதத்தில் இறுதிப் பதில் தரவும் கடமைப்பட்டது.

காற்றால் தீவிலேயே அகப்பட்டு ஷெங்கன் விசா நாள் தீரப்போகிறதென்றால், தீரும் முன்பே அங்குள்ள அதிகாரிகளிடம் நீட்டிப்பு கேளுங்கள். தவிர்க்க முடியாத காரணம் என்று நிரூபித்தால் அதற்குக் கட்டணம் கிடையாது.