பரங்கிப்பேட்டையைத் தேடினால் பெனின் நாடு வருகிறது: ஆய்வு வரைபடம் போடுமுன் பார்க்க வேண்டியவை

ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸின் தேடல் பெட்டியில், பரங்கிப்பேட்டையின் பழைய பெயரான ‘போர்ட்டோ நோவோ’வை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பரங்கிப்பேட்டைக் கடல் ஆய்வுகளோடு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக் கட்டுரைகளும் வந்து குவியும். அந்நாட்டுத் தலைநகருக்கும் அதே பெயர்தான். சரி, ‘பரங்கிப்பேட்டை’ என்று மட்டும் தேடலாம் என்றால் பழைய கட்டுரைகள் கழன்றுவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலிருந்து அந்தக் காலத்தில் வெளிவந்தவற்றின் முகவரியில் போர்ட்டோ நோவோ என்றே இருக்கும். இரண்டில் எந்தத் தவறைச் செய்தாலும் மென்பொருள் முகம் சுளிக்காது. வண்ண வட்டங்களோடு அழகான படம் ஒன்றைத் தந்துவிடும்.

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் முனைவர் பட்ட மாணவர்கள், கல்லூரித் தரக் குழுக்கள், நூலகர்கள் என்று பலரும் இப்போது நூலளவியல் வரைபடங்கள் (ஆய்வு வெளியீடுகளை எண்ணி, அவற்றின் தொடர்புகளை வட்டங்களாகவும் கோடுகளாகவும் காட்டும் படங்கள்) போடுகிறார்கள். மென்பொருள் இலவசம், யூடியூபில் பாடமும் கிடைக்கிறது, அரை மணி நேரத்தில் படம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் படம் சொல்வது உண்மையா என்பது படம் போடுவதற்கு வெகு முன்பே, தேடல் வரியிலும் பெயர்ப் பட்டியலிலும் முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

ஆய்வு வெளியீடுகளை எண்ணிப் பார்க்கும் வேலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளுக்குக் கணிதத்தைப் பயன்படுத்தும் எண்ணத்தை 1948-இலேயே இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில் முன்வைத்தார். யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்து அட்டவணை போடலாம் என்று யூஜீன் கார்ஃபீல்ட் 1955-இல் எழுதினார். இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்துக்கு வேர் அங்கேதான். ஸ்கோபஸ் வந்தது 2004-இல்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘கடலூர் மாவட்ட ஆய்வு’ என்றால் கடலூரைப் பற்றிய ஆய்வா, கடலூரில் இருப்பவர்கள் செய்த ஆய்வா? பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டைப் பற்றி வெளிநாட்டில் உட்கார்ந்தும் ஒருவர் எழுதலாம். அண்ணாமலை நகரில் இருந்துகொண்டு ஒருவர் சூரிய மின்கலத்தைப் பற்றியும் எழுதலாம். முன்னதற்குத் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் ஆகிய புலங்களில் தேட வேண்டும். பின்னதற்கு ஆசிரியரின் நிறுவன முகவரிப் புலத்தில். ‘எல்லாப் புலங்களிலும்’ என்று விட்டால் மேற்கோள் பட்டியலில் எங்கோ ஊர்ப் பெயர் வரும் கட்டுரைகூட உள்ளே நுழைந்துவிடும்.

ஊர்ப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வம்பு உண்டு. 2006-இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகம் பழைய பெயரிலேயே தொடர்கிறது. ஆகவே இரண்டு எழுத்துமுறையும் தேவை, ஆண்டைச் சொல்லி எதையும் விலக்க முடியாது. பொருள் தேடலில் பாண்டிச்சேரி என்று போட்டால் ‘பாண்டிச்சேரி சுறா’ என்ற சுறா இனக் கட்டுரைகள் வரும். கடலூர் என்று போட்டால் ‘கடலூர் மணற்கல்’ எனும் நிலவியல் படிவம் வரும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தொடாமல் போக மாட்டார்கள். பிச்சாவரத்தை ஆங்கிலத்தில் நடுவே ‘டி’ சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. இந்த எல்லா வடிவங்களையும் ‘அல்லது’ போட்டு ஒரே அடைப்புக்குள் வைத்து, வெளியே ‘மற்றும்’ போட்டுப் பொருள் சொற்களைச் சேர்க்க வேண்டும். அடைப்பை மறந்தால் தரவுத்தளம் வரியைத் தன் இஷ்டத்துக்குப் பிரித்துப் படிக்கும்.

நிறுவனத் தேடலில் அஞ்சல் குறியீட்டு எண் நல்ல துணை. பரங்கிப்பேட்டை 608502, அண்ணாமலை நகர் 608002, கடலூர் 607001, ஜிப்மர் 605006, காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகம் 605014. பெனின் குழப்பத்தை இது ஒரே வெட்டில் தீர்த்துவிடும். ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 605 என்ற தொடக்கத்தில் விழுப்புரமும் அடங்கும். காரைக்கால் 609-இல் இருக்கிறது, மாஹே கேரளத்தின் 673-இல், ஏனாம் ஆந்திரத்தின் 533-இல். ‘புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஆய்வுகள்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு 605-ஐ மட்டும் எடுத்தால் நான்கில் மூன்று பகுதிகள் விடுபடும், விழுப்புரம் இலவசமாகச் சேரும். முகவரியில் எண்ணே எழுதாத கட்டுரைகளும் நிறைய உண்டு. எனவே ஊர்ப் பெயர், நிறுவனப் பெயர், எண் மூன்றையும் சேர்த்தே தேடுங்கள்.

தேடல் வரி சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, வந்த முடிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு 50 பதிவுகளை எடுத்துத் தலைப்பையும் சுருக்கத்தையும் படிப்பது. அதில் 10 சம்பந்தமில்லாதவை என்றால் மொத்தத்திலும் ஐந்தில் ஒரு பங்கு குப்பை என்று கொள்ளலாம். இரண்டாவது, துறை தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் இருக்க வேண்டிய 20 கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, அவை வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. நான்கைந்து காணோம் என்றால் ஏன் காணோம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் நினைத்துப் பார்க்காத ஓர் எழுத்துமுறையோ, ஊர்ப் பெயர் இல்லாமல் தாவரத்தின் அறிவியல் பெயர் மட்டும் உள்ள தலைப்போ காரணமாக இருக்கும். முதல் சோதனையைச் சிலராவது செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்பவர்கள் அரிது.

தரவிறக்கம் சிறு வேலைதான், ஆனால் திரும்ப வந்து செய்ய நேரும் வேலையும் இதுவே. எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்குங்கள். மேற்கோள் எண்ணிக்கை தினமும் மாறும். ஸ்கோபஸில் மேற்கோள் பட்டியலையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட மறந்தால், பிறகு இணைமேற்கோள் வரைபடம் (எந்த இரு படைப்புகள் ஒரே கட்டுரையில் சேர்ந்து மேற்கோளாகின்றன என்று காட்டுவது) போட முடியாது. வெப் ஆஃப் சயின்ஸில் மேற்கோள் பட்டியலோடு சேர்த்து ஒரு தடவைக்கு 500 பதிவுகளே வெளிவரும். 1,800 இருந்தால் நான்கு கோப்புகள். சந்தா இல்லாத கல்லூரிக்கு 2022-இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் தரவுத்தளம் இலவசம். அதில் நிறுவன முகவரிகள் கூடுதல் ஒழுங்கீனமாக இருக்கும், அவ்வளவுதான். கூகுள் ஸ்காலர் ஒரு தேடலுக்கு 1,000 முடிவுக்கு மேல் காட்டாது. அதை வைத்து வரைபடம் போடப் பார்ப்பது வீண்.

இரண்டு தரவுத்தளங்களைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயை வைத்து முதலில் இரட்டிப்பை நீக்குங்கள். அது இல்லாதவற்றுக்குத் தலைப்பைச் சிறிய எழுத்தாக்கி, நிறுத்தற்குறிகளை எடுத்துவிட்டு, ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஆர் நிரல்மொழியில் இயங்கும் பிப்லியோமெட்ரிக்ஸ் தொகுப்பு இந்த இணைப்பைச் செய்யும், வரைபடம் போடும் இலவச மென்பொருளான விஓஎஸ்வியூவர் செய்யாது. ஆனால் இரண்டு தளங்களும் மேற்கோளை வெவ்வேறு விதமாக எழுதுவதால், இணைத்த கோப்பில் இணைமேற்கோள் கணக்கு கெட்டுப்போகும். அந்த வரைபடம்தான் முக்கியம் என்றால் ஒரே தளத்தோடு நின்றுவிடுவது நல்லது.

இனி பெயர்கள். தமிழர் பெயரை மேலைநாட்டுப் படிவம் பாடாய்ப் படுத்தும். க. செல்வம் என்று ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். தந்தை பெயர் கண்ணன். ஒரு பத்திரிகை ‘குடும்பப் பெயர்’ கேட்கும்போது செல்வம் என்று தருவார். தரவுத்தளத்தில் ‘செல்வம் கே’ ஆவார். அடுத்த பத்திரிகையில் முதலெழுத்து விரிக்கப்பட்டுக் கண்ணன் குடும்பப் பெயராகி ‘கண்ணன் எஸ்’ ஆவார். வரைபடத்தில் இவர்கள் இருவர். அதே வேளையில் ஊரில் உள்ள எல்லா க. செல்வங்களும், கு. செல்வங்களும் ஒரே ‘செல்வம் கே’ ஆகி, வேதியியலிலும் நரம்பியலிலும் வேளாண்மையிலும் எழுதித் தள்ளும் ஒரு மாமேதை உருவாகிவிடுவார். ‘அதிகம் எழுதிய பத்து ஆசிரியர்கள்’ அட்டவணையில் மேலே நிற்பவர் பல துறைகளில் பரவிக் கிடந்தால் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும். பெயரோடு முகவரியையும் இணையாசிரியர்களையும் ஒப்பிட்டுப் பிரிக்க வேண்டும். ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்க்கிட் 2012 முதல் இருக்கிறது. எண் உள்ளவருக்கு இந்தத் தொல்லை பாதி குறையும்.

திருத்துவதற்கான கருவி எளியது. விஓஎஸ்வியூவருக்கு ஒரு சாதாரண உரைக் கோப்பு கொடுக்கலாம். டேப் இடைவெளியோடு இரண்டு பத்திகள்: இடப்பக்கம் இருக்கும் வடிவம், வலப்பக்கம் மாற்ற வேண்டிய வடிவம். வலப்பக்கம் காலியாக விட்டால் அந்தச் சொல் நீங்கிவிடும். நிறுவனங்களுக்கும் இதே கோப்பு முறைதான். புதுச்சேரியிலுள்ள பூச்சிவழி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை முழுப் பெயர், சுருக்கப் பெயர், முன்னால் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சேர்த்த பெயர் என்று எழுதியிருப்பார்கள், மூன்றும் ஒன்று. ஆனால் ஐசிஎம்ஆர் என்று மட்டும் இருப்பதை இதோடு சேர்க்கக் கூடாது, அது நாடு முழுக்க உள்ள தாய் நிறுவனம்.

திறவுச்சொற்களில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆசிரியர் தந்த சொற்களோடு, தளமே சேர்த்த அட்டவணைச் சொற்களும் ஸ்கோபஸில் வரும். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளுக்கு ‘கட்டுரை’, ‘மனிதர்’, ‘மனிதரல்லாதது’, ‘ஆண்’, ‘பெண்’, ‘கட்டுப்படுத்திய ஆய்வு’ என்றெல்லாம் ஒட்டியிருக்கும். நீக்காமல் விட்டால் பிச்சாவர வரைபடத்தின் நடுவில் ‘மனிதரல்லாதது’ என்று பெரிய வட்டம் உட்கார்ந்திருக்கும். அதை ‘முக்கிய ஆய்வுப் போக்கு’ என்று விளக்கி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்! ஒருமை, பன்மையைத் தயங்காமல் இணைக்கலாம். ‘அலையாத்தி’, ‘அலையாத்திக் காடு’ போன்றவற்றைத் துறை தெரிந்தவரிடம் கேட்டு இணையுங்கள். சிலருக்கு முன்னது மரம், பின்னது சூழலமைப்பு.

வரைபட அமைப்புகளில் இயல்பாக இருப்பதை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். திறவுச்சொல் குறைந்தது 5 முறை வர வேண்டும் என்பது விஓஎஸ்வியூவரின் இயல்பளவு. 300 கட்டுரைக்கு இது பொருந்தலாம். 5,000 கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் சொற்கள் வந்து படம் நூல்கண்டாகிவிடும். 20, 30 என்று ஏற்றிப் பாருங்கள். 80 கட்டுரைதான் இருக்கிறது என்றால் வரைபடமே வேண்டாம், எண்பதையும் படித்துவிடுவதே விரைவு.

இணையாசிரியர் வரைபடத்தில் கணக்கிடும் முறை முடிவையே புரட்டும். முழு எண்ணிக்கை முறையில் 4 பேர் எழுதிய கட்டுரை 6 இணைப்புகளைத் தரும், 30 பேர் எழுதியது 435 தரும். பன்னாட்டு மருத்துவக் கூட்டாய்வு ஒன்றில் ஒரு முறை பெயர் வந்தாலே ஒருவர் ‘ஒத்துழைப்பின் மையம்’ ஆகிவிடுவார். பின்ன எண்ணிக்கை முறையில் ஒரு கட்டுரையிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கும் மொத்த இணைப்பு வலு 1-தான். மருத்துவம் கலந்த எந்தத் தொகுப்புக்கும் பின்ன முறையே தகும். எந்த முறை என்பதைக் கட்டுரையில் எழுதிவிட வேண்டும்.

படம் வந்தபின் அதை எப்படிப் படிப்பது? வட்டத்தின் அளவு எத்தனை முறை வந்தது என்பதைக் காட்டும், நெருக்கம் உறவைக் காட்டும், நிறம் குழுவைக் காட்டும். மேல், கீழ், இடம், வலம் என்பதற்குப் பொருள் எதுவும் இல்லை. படத்தைத் திருப்பினாலும் அதே படம்தான். ஆண்டு வாரியாக நிறமிட்ட படத்தில் காட்டப்படுவது சராசரி வெளியீட்டு ஆண்டு. முப்பது ஆண்டாகத் தொடர்ந்து எழுதப்படும் பொருளும், நடுவில் ஓர் ஐந்தாண்டு மட்டும் எழுதப்பட்ட பொருளும் ஒரே நிறத்தில் நிற்கலாம். உள்ளூர் நிகழ்வுகளை வைத்துப் படத்தைச் சரிபார்க்கலாம். கடலூர்க் கரையைப் பற்றிய தொகுப்பில் ‘ஆழிப்பேரலை’ என்ற சொல்லின் சராசரி 2004-க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ‘தானே’ புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. அந்தப் புயலின் பெயரோடு அதற்கு முந்திய கட்டுரை வந்தால் அது மும்பைக்குப் பக்கத்துத் தானே நகரம்.

குறியீட்டெண்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவரின் கட்டுரைகள் 40, 12, 9, 5, 5, 3, 1 என்று மேற்கோள் பெற்றிருந்தால், குறைந்தது 5 மேற்கோள் பெற்றவை 5 இருப்பதால் ஹெச்-குறியீடு 5. அந்த 40 என்பது 400 ஆனாலும் 5 தான். ஹிர்ஷ் 2005-இல் தந்த இந்த எண் வயதோடு ஏறுமே ஒழிய இறங்காது. கணிதத்தில் மேற்கோள் மெதுவாக வரும், உயிர்மருத்துவத்தில் வேகமாக வரும். எனவே ஒரே கல்லூரியின் இரு துறைகளை இதை வைத்து ஒப்பிட்டு ஊக்கத்தொகை கொடுப்பது அநியாயம். பத்திரிகையின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்) கொண்டு தனிமனிதரை எடைபோடக் கூடாது என்பதை 2012-இன் சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனமே சொல்லிவிட்டது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் கழித்துக்கொள்ளுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியலை 2023 முதல் டிஓஐ பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப் இலவசமாகத் தருகிறது. டிஓஐ எண்ணை வைத்து ஒப்பிட ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் படத்துக்குள் வராத ஆய்வு புதுச்சேரியில் நிறைய இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்நகரிலுள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் சுவடிப் பதிப்பு, பிரெஞ்சு மொழி நூல், தாவர வரைபடம் ஆகியவை ஸ்கோபஸின் கணக்கில் அபூர்வமாகவே வரும். தமிழ் ஆய்விதழ்களின் கதியும் அதுவே. அந்த நிறுவனத்தின் பங்களிப்பைக் கட்டுரை எண்ணிக்கையால் ஒரு பொறியியல் கல்லூரியோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டால், அட்டவணைதான் கேலிக்குரியதாகும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தையும், நூல்களுக்கு நூலகப் பட்டியலையும் தனியே பார்த்து, எண்ணோடு சேர்க்காமல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

‘ஸ்கோபஸ் பேப்பர், ஒரு மாதத்தில் உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களில் இப்போது நூலளவியல் கட்டுரைக்குத் தனி விலையே இருக்கிறது. ஆய்வகம் வேண்டாம், களப்பணி வேண்டாம் என்பதால் இந்த வகைக் கட்டுரையைத் தயாரிப்பது அவர்களுக்குச் சுலபம். அப்படி ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தால் நான்கைக் கேளுங்கள்: முழுத் தேடல் வரி, இறக்கிய தேதி, நீக்கிய பதிவுகளின் எண்ணிக்கையும் காரணமும், பெயர் திருத்தக் கோப்பு. வேலையைத் தாமே செய்தவர் நான்கையும் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.